'மோரோவர்' போடும் முன்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் புலமைப் பரீட்சைக்கான வகுப்புக்குப் போகும் யாருடைய கொப்பியையும் திறந்து பாருங்கள். மோரோவர், ஃபர்தர்மோர், ஹவெவர், நெவர்தலெஸ், ஹென்ஸ் என்று ஆங்கில இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்று அநேகமாக இருக்கும். பட்டியலில் பிழையில்லை. எந்தச் சொல் எந்த உறவைச் சொல்கிறது என்பது பக்கத்தில் எழுதப்படாமல் இருப்பதுதான் தொல்லை.

அதைவிட ஆழமான சிக்கல் நம்முடைய தாய்மொழியிலிருந்து வருகிறது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'மழை பெய்தாலும் போனோம்' என்பதில் அந்த 'ஆலும்' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் 'ஓல்தோ' செய்கிறது, ஆனால் முன்னுக்கு வந்து நின்று. முன்னுக்கு ஒன்றை வைத்த பிறகும் நடுவில் ஏதோ குறைவது போல நமக்குத் தோன்றும். உடனே 'ஓல்தோ இட் ரெய்ன்ட், பட் வி வென்ட்' என்று எழுதிவிடுகிறோம். 'பிகோஸ்' என்று தொடங்கி நடுவில் 'சோ' போடுவதும் இதே நோய்தான். இரண்டு கூற்றுகளைக் கட்ட ஆங்கிலத்துக்கு ஒரு முடிச்சுப் போதும். இரண்டில் ஒன்றை வெட்டுங்கள், எதை வெட்டினாலும் வாக்கியம் சரியாகிவிடும்.

'டெஸ்பைட்' வேறு சாதி. அதன் பின்னால் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல் வரவேண்டும்: 'டெஸ்பைட் த ரெய்ன்'. 'டெஸ்பைட் ஒஃப்' என்று ஒன்று கிடையவே கிடையாது. 'ஒஃப்' வேண்டுமென்றால் 'இன் ஸ்பைட் ஒஃப்' இருக்கிறது.

'ஹவெவர்' விடயத்தில் வழுக்குவது நிறுத்தற்குறியில். 'பட்' இரண்டு கூற்றுகளை ஒரே வாக்கியத்துக்குள் கட்டும், அதற்கு முன்னால் காற்புள்ளி போதும். 'ஹவெவர்'க்கு அந்தப் பலம் இல்லை. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி. 'தெயர்ஃபோர்' என்பதற்கும் இதே விதி. 'ஓல்தோ' முடிந்தவுடன் காற்புள்ளி போடுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம்.

இனி ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தை எடுப்போம். உறவு துலங்குவதற்காக, இணைப்புச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் விடுகிறேன்:

திங்கட்கிழமை லிஃப்ட் பழுதானது. மோரோவர், திருத்துபவர் புதன்கிழமைதான் வந்தார். ஃபர்தர்மோர், 6ஆம் மாடியில் இருக்கும் வயதானவர்கள் வெளியே போகமுடியவில்லை. ஹென்ஸ், இந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை முழுதாகக் கட்டியிருக்கிறோம்.

லிஃப்ட் பழுதானதால் கட்டணம் கட்டினார்களாம்! 'ஹென்ஸ்' அப்படித்தான் சொல்கிறது. 'மோரோவர்' ஏற்கெனவே சொன்ன வாதத்துக்கு இன்னொரு ஆதாரத்தைச் சேர்க்கிற சொல். தமிழ்க் கட்டுரையில் பந்திக்குப் பந்தி 'மேலும்' போடுவது போல அதைத் தூவமுடியாது. இங்கே முதல் இரண்டு வாக்கியங்களும் முரண்படுகின்றன, மூன்றாவது அவற்றின் விளைவு, நான்காவது மீண்டும் முரண். அதன்படி திருத்தினால்:

திங்கட்கிழமை லிஃப்ட் பழுதானது, பட் திருத்துபவர் புதன்கிழமைதான் வந்தார். திஸ் டிலே 6ஆம் மாடியில் இருக்கும் வயதானவர்களை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிட்டது. யெட் இந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை முழுதாகக் கட்டியிருக்கிறோம்.

'திஸ் டிலே' எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆனால் பந்தியைத் தாங்குவது அதுதான். முந்தைய வாக்கியம் முழுவதையும் ஒரே பெயர்ச்சொல்லில் பொத்தி எடுத்து, அடுத்த வாக்கியத்தின் வாசலில் வைக்கிறது. வெறும் 'திஸ்' என்று விட்டிருந்தால் பழுதானதா, பிந்தியதா என்று வாசிப்பவர் தடுமாறுவார். 'திஸ்' எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை உட்காரவைப்பது, பத்து 'ஃபர்தர்மோர்' மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும்.

ஐஈஎல்டிஎஸ் எழுத்துப் பரீட்சையின் இரண்டாம் பணியில் 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுதச் சொல்வார்கள். மதிப்பீட்டு அளவுகோல்கள் நான்கு. ஒத்திசைவும் இணைப்பும் அதில் ஒன்று, கால்வாசிப் புள்ளி அதற்கு. அதியுயர்ந்த நிலையான 9ஆம் நிலைக்கான விளக்கம் இணைப்பு கண்ணில் உறுத்தாமல் இருப்பதையே எதிர்பார்க்கிறது. 5ஆம் நிலையிலோ இணைப்புச் சொற்களை அளவுக்கு மிஞ்சிப் போடுவது குறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒரு பந்தியில் இரண்டுக்கு மேல் இணைப்புச் சொல் தலைகாட்டினால் ஒன்றை மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லையா, வெட்டுங்கள்.

வெட்டாமல் மாற்றவேண்டிய சில உண்டு. 'கடைசியாக' என்று நினைத்து 'அட் லாஸ்ட்' எழுதுவது மிகச் சாதாரணம். அது நெடுநேரம் காத்திருந்து ஒருவழியாக வந்த 100ஆம் நம்பர் பஸ்ஸுக்குப் பொருந்தும். கட்டுரையின் கடைசிக் காரணத்துக்கு 'ஃபைனலி'. 'ஒன் த கொன்ட்ரரி' முன்னே சொன்னதை மறுக்கும். அதே விடயத்தின் மறுபக்கத்தைக் காட்டத்தான் நினைக்கிறீர்கள் என்றால் 'ஒன் தி அதர் ஹான்ட்'. 'பிசைட்ஸ்' என்பதில் கடைசி 'ஸ்' விழுந்தால் 'அதுமட்டுமல்ல' என்பது 'பக்கத்தில்' ஆகிவிடும்.