குவியல் தொப்பியும் முன்னூறு படகுத்துறையும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், ஈ.சி., அதாவது சுற்றுச்சூழல் அனுமதி, வந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பி.டி.எஃப். ஏறியிருந்தது. ஆற்றோரமாக ஒன்பது கிலோமீட்டர் பறக்கும் சாலை. அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகர்கள் நாங்கள். எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லும் டி.ஓ.ஆருக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வருடம் நாலு மாதம். அதில் குறைந்தது ஐந்து மாதம் யாருடைய தப்பும் இல்லை, முழுக்க எங்கள் தப்பு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எந்த ஊர், எந்த ஆறு என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில்தான் இன்னும் சோறு. படிவம் எங்கே இருக்கிறது, கட்டணம் எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாங்கள் விழுந்த பள்ளங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் பள்ளம், இது என்ன சாலை என்பதே. "சிட்டிக்குள்ள போற ரோடு சார், மக்கள் கருத்துக் கேட்பெல்லாம் வராது" என்று கட்டப்போகிறவர்கள் அடித்துச் சொன்னார்கள். எந்தத் திட்டங்களுக்கு அனுமதி வேண்டும் என்று சொல்லும் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் 7(எஃப்) நெடுஞ்சாலைகளுக்கானது. மாநகராட்சிச் சாலை அதில் வராது என்பது அவர்கள் வாதம். அப்படியே தப்பித்தாலும் கட்டுமானங்களுக்கான 8ஆம் இனம் காத்திருக்கிறது. பாலங்களும் அதில் அடங்கும் என்று டெல்லி சிக்னேச்சர் பாலம் வழக்கில் 2015லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. இரண்டு வாரம் இதைப் பேசிப் பேசித் தொண்டை வறண்ட பிறகு, நிதி ஒதுக்கிய அரசாணையை ஒரு நாள் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் 'புதிய மாநில நெடுஞ்சாலை' என்று தெளிவாகப் போட்டிருந்தது. கதை முடிந்தது: 7(எஃப்), மாநில அளவில் பரிசீலிக்கும் பி பிரிவு, கருத்துக் கேட்பு கட்டாயம். அரசாணையை முதல் நாளே படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

அடுத்தது நிலம். சாலை போகும் நிலங்களின் பழைய சர்வே எண்கள் 112ஐ எக்செல்லில் அடித்து, அச்செடுத்து, பைண்டு பண்ணி எடுத்துக்கொண்டு அதிகாலை பஸ் பிடித்துப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"தம்பி, இது டவுன் சர்வே ஏரியா. வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் போட்டுக் கொண்டு வாங்க."

"பழைய நம்பருக்கு எந்த டி.எஸ். நம்பர்னு எங்க சார் பாக்கறது?"

"தாலுகா ஆபீஸ்ல கேளுங்க."

"சார், இதுதானே தாலுகா ஆபீஸ்?"

"இது வேற செக்‌ஷன்."

மாடிக்குப் போனால் அந்த ஆள் லீவு. பட்டியலைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என் கையில் இருந்த பைண்டிங்கைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "ரீசர்வேயா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற சர்வேயர். பழைய எண்ணையும் புது எண்ணையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதன் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடு, பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுப்பார்கள் என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன், ஒன்பது நாளில் வந்தது. நகரத்துக்குள் வேலை என்றால், கிராமங்களுக்கான 'அ' பதிவேட்டைத் தேடி அலையாதீர்கள். நகர நில அளவைப் பதிவேடு, அதோடு இந்த ஒப்பீட்டுப் பட்டியல், இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு டீயின் விலை எனக்கு மூன்று பயணம் மிச்சப்படுத்தியது.

காற்றுத்தர அளவீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், மூன்று மாதம், வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 24 மணி நேரம். எட்டு இடத்தில் கருவி வைத்தோம். அதில் ஒன்று ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடி. அந்த அக்கா நல்லவர், ஏறும்போதெல்லாம் மோர் கொடுப்பார். ஆனால் அந்தக் கருவி ஓடினால் மாவு மில் மாதிரி சத்தம். நாலாவது வாரம் எண்களைப் பார்த்த எங்கள் ஆய்வகத்து ஆள், "இந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் காற்று ஊட்டி மாதிரி இருக்கிறது?" என்று கேட்டார். போய்க் கருவியின் மணிக்காட்டியைப் பார்த்தால் 24க்குப் பதில் 17 ஓடியிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அணைத்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலம் போட எழும்போது போட்டுவிடுவாராம். "பசங்களுக்குப் பரீட்சை தம்பி, அதான். காலைல மறக்காம போட்டுடுவேனே!" அவரைக் குறை சொல்ல வாயே வரவில்லை. மணிக்காட்டியை ஒவ்வொரு முறையும் குறித்திருக்க வேண்டியது எங்கள் பையன். நாலு வார எண்களைத் தூக்கிப் போட்டோம். கருவியை ஒரு தண்ணீர்த்தொட்டி வாட்ச்மேன் அறை மாடிக்கு மாற்றி, ஜூன் பாதிவரை இழுத்து முடித்தோம். ஒருத்தர் வீட்டு மாடியில் வைத்தால் கரண்டு பில்லுக்குப் பணம் கொடுப்பது மட்டும் போதாது, சத்தத்தை முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிடுங்கள்.

தூண்களைப் பற்றி எங்கள் சீனியர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். கூவம் ஓரத்து மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலையின் கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பாலபாடம். 2009ல் அடிக்கல், 2012ல் ஆற்றுக்குள் தூண் நிற்கிறது, நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று மாநில அரசு நிறுத்தியது, 2014ல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, அப்படியும் வேலை நகராமல் கடைசியில் 2022ல் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி ஒரு அடிக்கல். அத்தனை வருடமும் கரையோரத்தில் மொட்டைத் தூண்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. "வேற எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் ஒவ்வொரு தூணும் எங்க நிக்குதுன்னு நீர்வளத் துறைகிட்ட காட்டிடு" என்றார். காட்டினோம். வெள்ள மட்டத்துக்கு மேல் எவ்வளவு இடைவெளி, நீரோட்டத்தில் எத்தனை தூண் என்று கேட்டார்கள், கொடுத்தோம். தடையின்மைச் சான்று ஆறு வாரத்தில் வந்தது. இதில் எழுத வேறு ஒன்றும் இல்லை.

அந்த நிம்மதியை சி.ஆர்.இசட்., அதாவது கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கெடுத்தது. கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கிறோம் என்று நினைப்போம். ஆற்றுக்குள் உப்புத் தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அதுவரை சி.ஆர்.இசட். கூடவே வரும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்பது கணக்கு, அதையும் வருடத்திலேயே வறண்ட காலத்தில் அளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஜனவரியில், மழைத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, பழைய பாலத்தோடு சரி என்று எழுதிவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலிருந்து 1:4000 வரைபடம் வந்தபோது கோடு பாலத்தைத் தாண்டி ஒன்றேகால் கிலோமீட்டர் மேலே போயிருந்தது. நாற்பது தூண்கள் ஒரே நாளில் சி.ஆர்.இசட்டுக்குள் குடியேறின. விண்ணப்பத்தைத் திருத்தி, கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை வாங்க மாவட்டத்திலிருந்து தொடங்கினோம்.

சாலையின் வழியை வரைபடத்தில் காட்டும் கே.எம்.எல். கோப்பில் சாலை எதிர்க்கரையில் விழுந்த கதையும் உண்டு. விவரம் சரியில்லை என்று கேட்கும் ஈ.டி.எஸ். வந்து திருத்தினோம். அனுப்புவதற்கு முன்னால் கூகுள் எர்த்தில் ஒரு தடவை திறந்து பாருங்கள், அவ்வளவுதான்.

இனி, இன்னும் என்னைத் தூங்கவிடாத விஷயம். கருத்துக் கேட்புக்கு முன்னால் திட்டச் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கைக்கு ஆறு மாதம் உழைத்தோம். பன்னிரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை வெளியே ஒருவரிடம் கொடுத்து, கெடு முடிகிற அன்று ராத்திரி வாங்கி, படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான்தான் போட்டேன். அந்த ஆள் மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டு எடுத்திருக்கிறார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முப்பது நாள் முன்பே நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தாயிற்று, வீடியோ எடுக்கிறார்கள், மேடையில் வருவாய்த் துறை அதிகாரியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினரும். நான் பவர்பாயிண்டை முடித்து உட்கார்ந்ததும், மீனவர் குப்பத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கினார். கையில் எங்கள் சுருக்கம், ஒரு வரிக்கு அடியில் பேனாக் கோடு.

"இதுல 'ஆற்றின் ஓரமாக 300 படகுத்துறைகள் கட்டப்படும்'னு போட்டிருக்கு. ரொம்ப சந்தோசம். ஆனா எங்ககிட்ட இருக்கறதே மொத்தம் நாப்பது போட்டு. முன்னூறு துறையை வெச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யறது?"

மண்டபம் ஒரு நொடி அமைதியாக இருந்தது, அப்புறம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. பாலத்துத் தூணை நாங்கள் 'பியர்' (pier) என்போம். கடற்கரை ஊர்களில் கடலுக்குள் நீட்டிக் கட்டும் மேடைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். மெஷின் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

அதோடு விட்டார்களா? ஒரு அம்மா எழுந்து, "ஒவ்வொரு படகுத்துறைக்கும் கீழே குவியல் தொப்பின்னு இருக்கே, அது யாருக்குத் தொப்பி?" என்றார். பைல் கேப். பைல் என்பது தூணுக்குக் கீழே மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் கம்பம், கேப் என்பது நாலு பைலையும் மேலே சேர்த்துக் கட்டும் கான்கிரீட் கட்டை. பக்கத்தில் இருந்தவர், "சூடான கலவைச் செடி ஊருக்கு வெளியே நிறுவப்படும்னு இருக்கு, அதை இங்கயே வளர்க்கலாமே?" என்றார். ஹாட் மிக்ஸ் பிளான்ட், தார்க் கலவை ஆலை. 'இறந்த சுமை' (டெட் லோடு, பாலத்தின் சொந்த எடை) என்ற சொல்லை யாரும் வாசிக்காமல் போனது அன்று எனக்குக் கிடைத்த ஒரே தயவு.

கடைசி வரிசையிலிருந்து ஒரு வக்கீல் எழுந்து, புரியாத ஆவணத்தை வைத்து நடத்தும் கருத்துக் கேட்பு செல்லாது என்றபோது சிரிப்பு நின்றது. அவர் சொன்னது நியாயம். மேடையில் இருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீங்க இதைப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திருத்திய சுருக்கத்தோடு மறுபடி அறிவிப்பு, மறுபடி முப்பது நாள், மறுபடி மண்டபம். விளம்பரச் செலவு எங்கள் நிறுவனத்தின் தலையில். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் மறுபடி நின்றது, தேர்தல் வேலை என்று தேதி தள்ளியது எல்லாம் சேர்ந்து நாலு மாதம் போனது.

இரண்டாவது சுருக்கத்தை நானே எழுதினேன். எழுதி, சைட் மேஸ்திரி ஒருவரிடமும் என் அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். மேஸ்திரி பைலைப் பைல் என்றே போடச் சொன்னார், அம்மா பெரிய பெரிய வாக்கியத்தை எல்லாம் உடைக்கச் சொன்னார். இரண்டாவது கூட்டத்தில் அதே பெரியவர் வந்தார். "இப்ப புரியுது. முன்னூறு தூண். சரி. அப்ப படகுத்துறை ஒண்ணுகூட இல்லையா? கரையை நீங்க எடுத்துக்கிட்டா நாங்க எங்க இறங்கறது?" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆயிரம் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறியது. ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதால், கட்டுகிறவர்கள் இரண்டு இடத்தில் படித்துறை கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு அறிக்கையின் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் தொகையும் சேர்த்தார்கள்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு முன்னால் இன்னொரு அடி. பைல் தோண்டும்போது வெளியே வரும் மண் எவ்வளவு என்று கேட்டார்கள். "4,000 கன மீட்டர்" என்றேன். ஒரு உறுப்பினர் காகிதத்தில் ஏதோ கிறுக்கினார். 1.2 மீட்டர் விட்டம், 30 மீட்டர் ஆழம், ஒரு பைலுக்கே கிட்டத்தட்ட 34 கன மீட்டர். ஒரு தூணுக்கு நாலு, தூண் முன்னூறு. "நாற்பதாயிரம் வருதே?" எங்கள் அறிக்கையில் இருந்த 4,000, டிப்பர் லோடு. யாரோ அலகை மாற்றிவிட்டார்கள். மண் எங்கே போகும், தோண்டும் குழி இடியாமல் இருக்க ஊற்றும் பென்டோனைட் களிமண் கலங்கல் ஆற்றில் கலக்காமல் எங்கே தேங்கும், மேலே ஓடும் மழைநீர் எண்ணெயோடு நேராக ஆற்றில் விழுமா என்று வரிசையாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் கூடுதல் விவரம் கேட்டார்கள். இரண்டு கூட்டம் தள்ளிப்போனது. கேட்டது எல்லாம் கேட்க வேண்டியதுதான். அங்கே போவதற்கு முந்தின நாள் ராத்திரி ஒவ்வொரு எண்ணையும் கால்குலேட்டரில் நீங்களே ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வந்த ஈ.சி.யில் சிறப்பு நிபந்தனைகளில் அந்தப் படித்துறையும் இருந்தது. ஏழு நாளுக்குள் தமிழ் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். வாசகத்தை நானே எழுதி, மூன்று தடவை படித்து, அம்மாவிடமும் காட்டி அனுப்பினேன். நேற்றுக் காலையில் வெளியானது. பத்து மணிக்குப் பெரியவர் கூப்பிட்டார், கூட்டத்தில் என் நம்பர் வாங்கி வைத்திருந்தார்.

"பேப்பர் பாத்தேன் தம்பி. முன்னூறுல ரெண்டாச்சும் வந்துச்சே."