உளுந்து பிடுங்கிய இடுப்பும் ஒரு கோரைப்பாயும்

போன பங்குனியில் நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயலில் மூன்று நாள் தொடர்ந்து உளுந்து பிடுங்கினேன். நாலாம் நாள் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போடக் குனிந்தவள், நிமிர முடியாமல் திண்ணையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கால் மரத்துப்போகவில்லை, வலி கீழே இறங்கவும் இல்லை, இடுப்பில் மட்டும் அப்படி ஒரு பிடிப்பு. எனக்கு இது புதிதல்ல, நாலைந்து வருஷமாக ஒவ்வொரு நடவுக்கும் வந்து வந்து போகிற வலிதான்.

அத்தை தைலம் தேய்த்துவிட்டு, "ஒரு வாரம் அசையாம படுத்திரும்மா" என்றார்கள். பாசத்தில் சொன்னது, ஆனால் இரண்டு நாள் படுத்ததில் இடுப்பு இன்னும் விறைத்துக்கொண்டதுதான் மிச்சம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, படுக்காமல் நடமாடுங்கள் என்றார். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்கச் சொல்கிறவற்றில் யோகாவும் ஒன்று.

மன்னார்குடியில் யோகா சொல்லித்தரும் அக்கா ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "நாள் பூரா எந்தப் பக்கம் குனியிறீங்க?" யோசித்தால் நடவு, களை, உளுந்து, வாசல் பெருக்குவது, கோலம், பாத்திரம் எல்லாமே முன்பக்கம்தான். அப்படிப்பட்ட முதுகை இன்னும் குனிய வைத்துக் கால் கட்டைவிரலைத் தொடச் சொல்வது எப்படிச் சரியாகும்? நம் ஊர்ப் பெண்கள் யோகா என்றதும் அதைத்தான் முதலில் முயற்சி செய்து, வலி கூடியதும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

இன்னொன்றும் சொன்னார். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது நீரை இழுத்து உப்பியிருக்குமாம், அதனால் எழுந்த உடனே ஆழமாகக் குனிந்தால் அழுத்தம் அதிகம். நான் கோலம் போடுவதோ கண் விழித்த அஞ்சாவது நிமிஷம்! இப்போது எழுந்து கொஞ்சம் நடந்து, அடுப்பு வேலையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கோலம், அதுவும் குந்தி உட்கார்ந்து.

சாயந்திரம் கோரைப்பாயை விரித்துக் கால் மணி நேரம். முதலில் மகராசனம், அதாவது குப்புறப் படுத்து, கைகளை மடித்து நெற்றியை அதன் மேல் வைத்து மூச்சு விடுவது, அவ்வளவுதான். பிறகு மார்ஜரி ஆசனம்: கையும் முட்டியும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது வயிறு கீழே இறங்கி நெஞ்சு நிமிரும், விடும்போது பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகு மேலே வளையும், எட்டு பத்து முறை. புஜங்காசனத்தில் முழுக்க எழும்ப வேண்டியதில்லை, முழங்கையைத் தரையில் ஊன்றி ஐந்து மூச்சு போதும். கடைசியில் மல்லாந்து படுத்து முட்டி இரண்டையும் மார்போடு அணைத்துக்கொள்வேன். பின்னால் வளையும்போது வலி கூடினால் அதை விட்டுவிடுங்கள், எல்லா முதுகும் ஒன்றில்லை. கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் இரண்டு வாரம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றரை மாதம் ஆன பிறகு ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் கவனித்தேன், இடுப்பைப் பிடிக்கவில்லை.

ஐப்பசியில் சம்பா நடவு வந்தது. அரை மணிக்கு ஒருதரம் வரப்பில் ஏறி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்வேன். மூன்றாம் நாள் என்னோடு நட்ட ஆறு பேரும் வரப்பில் வரிசையாக நின்று சாய்ந்தோம்.