பத்தியின் ஓரத்தில் ஒரு கேள்வி

ஒரு பத்தி எந்த அமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும் அட்டையை வகுப்பறைச் சுவரில் ஒட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து கட்டம், ஐந்து நிறம்: விவரிப்பு, வரிசைமுறை, ஒப்பீடு, காரணம்–விளைவு, சிக்கல்–தீர்வு. தகவல் சொல்லும் பத்திகளில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அடையாளச் சொற்கள். ‘முதலில்’, ‘பின்னர்’ வந்தால் வரிசைமுறை. ‘ஆனால்’, ‘மாறாக’ வந்தால் ஒப்பீடு. ‘ஏனெனில்’, ‘ஆகவே’ வந்தால் காரணம்–விளைவு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பயிற்சித்தாளில் பத்துக்குப் பத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தத் தாளில் இருந்த பத்திகளை எழுதியது நான்தான். ‘ஏனெனில்’ என்ற சொல்லை உப்புப் போடுவதுபோல் எல்லாவற்றிலும் தூவியிருந்தேன்.

அப்புறம் ஒருநாள், அடையாளச் சொற்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல் எழுதப்பட்ட பத்தி ஒன்றைக் கொடுத்தேன். ஏறக்குறைய இப்படி இருந்தது:

“கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது, பவள உயிரிகள் தம் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. பவளத்துக்கு நிறம் தந்தவை அந்தப் பாசிகளே. அவை போனதும் உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு வெளியே தெரிகிறது. பவளத்தின் உணவில் பெரும்பங்கு பாசிகளிடமிருந்தே வருவதால், வெப்பம் தணியாவிட்டால் அது பட்டினியில் மடிகிறது.”

பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘வரிசைமுறை’ என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “‘சூடாகும்போது’, ‘போனதும்’ இருக்கே டீச்சர். முதல்ல இது, அப்புறம் அது” என்றான் ஒருவன். இன்னொருத்தி ‘ஏனெனில்’ எங்கேயாவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை விரித்தாள். நான் கற்றுக்கொடுத்ததை அவர்கள் பிசகில்லாமல் செய்திருந்தார்கள். கற்றுக்கொடுத்ததில்தான் பிசகு.

அன்றைக்கு ஓய்வு வேளையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. தனித்தனிச் சொற்களாக ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். தமிழில் அந்த வேலையின் பெரும்பகுதியை வினையின் வால்தான் செய்கிறது. பெய்ததால், பெய்தால், பெய்தும், பெய்ததும். முதலாவது காரணம், அடுத்தது நிபந்தனை, மூன்றாவது ‘இருந்தாலும்’ என்ற முரண், கடைசி காலம். ஓரெழுத்து கூடினாலோ குறைந்தாலோ பத்தியின் போக்கே திரும்பிவிடுகிறது. பவளப் பத்தியில் காரணம் வெளிப்படையாகத் தெரியும் ஒரே இடம் ‘வருவதால்’ என்பதன் ‘ஆல்’. ‘நிறம் தந்தவை அந்தப் பாசிகளே’ என்ற வரியில் அதுவும் கிடையாது. ஆனாலும் பவளம் ஏன் வெளுக்கிறது என்பதற்கான விடை முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது.

மறுநாள் அதே பையனிடம், ‘போனதும்’ என்பதைப் ‘போனதால்’ என்று மாற்றிப் படிக்கச் சொன்னேன். படித்தான். ஒன்றும் கெடவில்லை. பிறகு தலைப்பிரட்டையைப் பற்றி ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘பின்னங்கால்கள் முளைத்ததும் முன்னங்கால்கள் வெளிவருகின்றன.’ இதையும் மாற்று என்றேன். “பின்னங்கால்கள் முளைத்ததால்...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஐந்து நிற அட்டை ஈடாகாது.

அதற்குப் பிறகு அடையாளச் சொற்களை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். பத்தியைப் படித்து முடித்ததும், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். எப்படி இருக்கிறது, எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, இரண்டும் எதில் வேறுபடுகின்றன, இதற்கு என்ன செய்வது. கேள்வி கிடைத்துவிட்டால் அமைப்பு தானாகக் கையில் வந்துவிடும்.

ஒப்பீடுதான் அவர்களை அதிகம் ஏமாற்றியது. ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது, ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு, துதிக்கை நுனியில் விரல்போல் இரண்டு நீட்சிகள். இது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, ஆசிய யானைக்குக் காது சிறிது, ஆண்களில்தான் பெரிய தந்தம், நுனியில் ஒரே நீட்சி என்று போகிறது பத்தி. ‘ஆனால்’ எங்குமே இல்லை. ‘விவரிப்பு’ என்றது வகுப்பு. காது, தந்தம், துதிக்கை நுனி என்று அதே சங்கதிகள் அதே வரிசையில் இரண்டாம் முறையும் வருவதைக் காட்டிய பிறகுதான் பிடிபட்டது. வெறும் விவரிப்புக்கு அந்த ஒழுங்கு தேவையில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அமெரிக்க ஆய்வாளர் போனி மேயரும் இன்னும் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பற்றியது. எழுதியவர் கட்டிய அமைப்பையே பிடித்துக்கொண்டு நினைவுகூர்ந்த மாணவர்களுக்குப் படித்ததில் அதிகம் நினைவிருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். நம் நன்னூலையும் சொன்னேன். நூற்பாக்கள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்ந்து நிற்கும் என்பதற்குப் பவணந்தியார் காட்டும் நான்கு உவமைகள்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்திருந்தேன். ஒரு வரி முன்னும் பின்னும் பார்க்கிறதா, நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதிக்கிறதா என்று கவனித்தவர்களும் என் அட்டையின் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள், நிறப் பென்சில் இல்லாமல்.

பருவத்தின் கடைசி வாரம். என் பழைய பயிற்சித்தாள் ஒன்றையே திரும்பக் கொடுத்திருந்தேன். கையை விரித்த அந்தப் பெண் ஒரு பத்தியின் ஓரத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

“இது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லலையே, டீச்சர்.”

வாங்கிப் பார்த்தேன். தேனீக்கு 5 கண்கள் உண்டு. கூட்டின் அறைகள் அறுகோண வடிவில் இருக்கும். தேனீ நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு வரியும் சரி. எந்த வரியும் பக்கத்து வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. விடைக்குறிப்பில் நான் ‘விவரிப்பு’ என்று போட்டிருந்தேன். வேறு எதிலும் சேராததையெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் கொட்டியிருக்கிறேன் போல. அவளிடம் பென்சிலை வாங்கி அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். “அப்ப எங்களுக்கு அந்த ரெண்டு மார்க்?” என்றாள். எல்லோருக்கும் போட்டுவிட்டேன்.