தெரியாத புள்ளிக்கும் பட்டனை அழுத்தினேன்

வெள்ளெழுத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கத்தான் போனேன். 47 வயதில் எல்லோருக்கும் வருவதுதானே. சுவரிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, தூரப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை என்ற நினைப்போடு அடுத்த இயந்திரத்தில் தாடையை வைத்தேன். கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்தது. பரிசோதித்தவர் இன்னொரு முறை அடித்தார். மூன்றாவது முறையும் அடித்துவிட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

அந்தக் காற்று அளந்தது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை. வலதில் 26, இடதில் 24. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்குமாம். எனக்கு ரத்த அழுத்தமே கிடையாதே என்றேன். இது வேறு என்றார் டாக்டர். கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது; கருவிழி ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியாக வெளியேறுகிறது. கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடிகால் மந்தமானால் உள்ளே அழுத்தம் ஏறி, கண்ணின் பின்பக்கம் இருக்கிற பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். கிளாக்கோமாவாக இருக்கலாம், இன்னும் சில சோதனைகள் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு அம்மா ஞாபகம் வந்தது. கடைசி வருடங்களில் கதவு விளிம்பில் இடித்துக்கொள்வாள், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அவள் கண் அழுத்தத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. தெரியவில்லை டாக்டர் என்றேன்.

அப்புறம் வரிசையாகச் சோதனைகள். கண்ணை மரக்கச் செய்து, மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கில் மறுபடி அழுத்தம் பார்த்தார்கள். காற்றடிப்பதைவிட இதைத்தான் நம்புகிறார்களாம். கருவிழியின் தடிமனையும் அளந்தார்கள். அது தடித்திருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் காட்டும். கண் மேலேயே ஒரு கண்ணாடி வில்லையை வைத்து, வடிகால் இருக்கும் மூலையின் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். எனக்குத் திறந்த கோணம். கோணம் திடீரென்று மூடிக்கொள்ளும் வகையில் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று ஊரைக் கூட்டிவிடுமாம். என்னுடையது சத்தமே போடாத வகை.

இதெல்லாம் சுலபம். என்னைப் படுத்தியது ஃபீல்டு டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்புச் சோதனை. ஒரு கண்ணை மூடிவிட்டு, அரைக்கோளக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் நடுவில் எரியும் விளக்கையே பார்க்க வேண்டும். அங்கங்கே மங்கலான ஒளிப்புள்ளிகள் மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். பல நொடிகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத் தேர்வில் வரும் அதே படபடப்பு. நான்கு தவறிவிட்டது, ஐந்து தவறிவிட்டது என்று எண்ணிக்கொண்டே, இந்நேரம் ஒன்று வந்திருக்கும் என்று குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தேன். போதாக்குறைக்கு, புள்ளி எங்கே என்று கண்ணும் அலைபாய்ந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார். புள்ளியே வராதபோதும் நிறைய முறை அழுத்தியிருக்கிறீர்கள், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்றார். அன்றுதான் விஷயம் புரிந்தது. ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் இயந்திரம் அதை இன்னும் மங்கலாக்கிக் காட்டும். எது வரைக்கும் தெரிகிறது என்ற எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. அதனால் நல்ல கண்ணுக்கும் பாதிப் புள்ளிகள் போலத் தெரியாமல்தான் போகும். இதை முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் முறை உட்கார வைத்தவர் பொறுமையானவர். கண் சிமிட்டலாம், களைப்பாக இருந்தால் பட்டனை அழுத்தியபடியே பிடியுங்கள், இயந்திரம் காத்திருக்கும் என்றார். இந்தத் தடவை தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினேன். வலக்கண்ணில், மூக்குப் பக்கம் மேலே, வளைந்த ஒரு கறுப்புப் பட்டை அச்சாகி வந்தது. ஸ்கேனில் நரம்பிழைகள் கீழ்ப்பக்கம் மெலிந்திருந்தன. விழித்திரையில் காட்சி தலைகீழாக விழுவதால், கீழே நரம்பு போனால் மேலே பார்வை போகும். இரண்டும் பொருந்திவிட்டன. கிளாக்கோமாதான்.

வீட்டுக்கு வந்ததும் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தக் கறுப்பைத் தேடினேன். இல்லை. சுவர் சுவராகத்தான் இருந்தது. பார்வை போன இடத்தை, சுற்றியிருப்பதைக் கொண்டு மூளையே ஒட்டுப் போட்டுவிடுகிறது. நட்ட நடுப் பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் எழுத்து வரிசையும் தவறாமல் படிக்க வருகிறது.

கண்புரை போல ஆபரேஷன் செய்தால் திரும்ப வந்துவிடுமா என்று கேட்டுப் பார்த்தேன். கண்புரையில் மங்குவது லென்ஸ், எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். நரம்பு போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார்.

தினமும் ராத்திரி ஒரு சொட்டு, கண் அழுத்தத்தைக் குறைக்கும் லட்டனோபிராஸ்ட். முதல் வாரம் பாதி கன்னத்தில்தான் விழுந்தது. கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியே தொண்டைக்குப் போய்விடும். கண் கொஞ்சம் சிவந்தது. இமை முடி நீண்டு அடர்த்தியாக வளர்கிறது. தலையில் வளரக் கூடாதா! வலியோ உறுத்தலோ இல்லாத நோய்க்கு மருந்து போடுவது மறந்து போகிறது, அதனால் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே பாட்டிலை வைத்திருக்கிறேன். ஒரு மாதத்தில் அழுத்தம் 17, 16 என்று இறங்கியது. ஆறு மாதத்தில் மறுபடி ஃபீல்டு டெஸ்ட்.

கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதால் அக்காவுக்கு போன் செய்தேன். "இப்பவும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன், எனக்கென்னடா வந்தது?" என்றாள். ஒரு மாதம் நச்சரித்த பிறகு போய்வந்தாள். அழுத்தம் 19தான். ஆனாலும் நரம்பைப் பார்த்துவிட்டு ஃபீல்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள் அவள். தெரியாத புள்ளிக்கு மட்டும் அழுத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.