கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலைப் பெட்டிக்குக் கேசான் அமைத்த அனுபவம்

கோத்தகிரிக்கு அருகே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில், இலை வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் ஓடும் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பத்து விநாடிக்கு ஒரு முறை படித்துப் பதிவு செய்யும் பெட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தேன். உள்ளே இருப்பது 2 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி. யூஎஸ்பி வழியாக இணையும் உணரிக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இல்லாததால் அதையும் நானே எழுதியிருந்தேன். கோடையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய அந்தப் பெட்டி, ஐப்பசி மழை பிடித்ததும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நின்றுபோகத் தொடங்கியது. கூடலூர்ப் பக்கத்தைப் போலன்றி எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மின்சாரமும் அப்போதுதான் அதிகம் தடுமாறும். பெட்டி நின்றதன் காரணத்தைக் கேசான் (KASAN) என்னும் நினைவகப் பிழை பிடிக்கும் கருவியைக் கொண்டு கண்டுபிடித்த கதை இது.

மிஞ்சிய பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஒரு நாள் கோப்பு முறைமைக்குள் பிழை, மறுநாள் நெட்வொர்க் அடுக்கில், இன்னொரு நாள் பிழைச் செய்தியே இல்லாமல் மௌனம். என் டிரைவரின் பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை. எஸ்டி கார்டை மாற்றினேன், மின்னேற்றியை மாற்றினேன். தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் மட்டும், “தம்பி, பெரிய ஃபேனைப் போடும்போதுதான் உங்க பெட்டி படுத்துக்குது, நான் ரெண்டு மூணு தடவை பார்த்துட்டேன்” என்றார். பெட்டி யூபிஎஸ்ஸில் இருப்பதால் அதற்கும் ஃபேனுக்கும் தொடர்பு இருக்க முடியாது என்று அவருக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த விளக்கத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தொடர்பில்லாத இடங்களிலெல்லாம் கெர்னல் சாய்கிறது என்றால், யாரோ தமக்குச் சொந்தமல்லாத நினைவகத்தில் கை வைக்கிறார்கள் என்று ஐயுற வேண்டும். அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்று கெர்னலுக்குள்ளேயே இருப்பதுதான் 2015இல் வெளிவந்த 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட கேசான். நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் வீதம் நிழல் நினைவகம் ஒன்றை அது வைத்துக்கொள்கிறது. நிழல் பைட் சுழியமாக இருந்தால் எட்டு பைட்டும் தொடத்தக்கவை. 1 முதல் 7 வரை இருந்தால் முதலில் உள்ள அத்தனை பைட்டுகள் மட்டும். எதிர்ம எண்ணாக இருந்தால் ஒன்றுமே தொடத்தகாதது. மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும் கம்பைலர், ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் இந்த நிழலைப் பார்க்கும் சோதனையைச் செருகிவிடுகிறது. ஆகவே இதை ஓடும் கெர்னலில் இயக்கிக்கொள்ள முடியாது. கெர்னலையே புதிதாகத் தொகுக்க வேண்டும்.

கேசானில் மூன்று வகைகள் உண்டு. வன்பொருள் முத்திரையை நம்பும் வகைக்கு ஆர்ம் செயலிக் கட்டமைப்பின் 8.5 பதிப்பில் வந்த வசதி வேண்டும். பை 4இன் கார்டெக்ஸ் ஏ72 செயலியில் அது கிடையாது. மென்பொருள் முத்திரை வகை நிழலுக்குப் பதினாறில் ஒரு பங்கை மட்டுமே கேட்கும் என்றாலும், ஒரு பைட் அளவுக்குத் துல்லியமான ஜெனரிக் வகையையே தேர்ந்தேன். அதற்கு நிழலாக 256 எம்பி போய்விடும். விடுவிக்கப்பட்ட துண்டுகளை உடனே மறுபயன்பாட்டுக்குத் தராமல் காத்து வைக்கும் ‘குவாரன்டைன்’ வரிசைக்கு, மொத்த நினைவகத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரை, அதாவது 64 எம்பி வரை போகலாம். பெட்டியில் வேறு பெரிய வேலை எதுவும் இல்லாததால் இது தாங்கியது.

மலையில் இணைய வேகம் குறைவு என்பதால் கெர்னல் மூலநிரலின் முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசிப் பதிப்பை மட்டும் இறக்கினேன். அமைப்புக் கோப்பில் கேசானை இயக்கிவிட்டு, மீதியை இயல்புநிலைக்கு நிரப்பும் கட்டளையை ஓட்டி, இரவு முழுவதும் தொகுக்க விட்டேன். காலையில் பார்த்தால் அந்தக் கெர்னலில் கேசானே இல்லை. என் மடிக்கணினியில் இருந்த பழைய ஜிசிசி கம்பைலர், ஜெனரிக் வகை கேட்கும் 8.3 பதிப்புக்கும் முந்தையது. தேவை நிறைவேறாத தேர்வை நிரப்பும் கட்டளை ஒரு வார்த்தையும் சொல்லாமல் நீக்கிவிட்டிருந்தது. அன்று முதல், தொகுக்கும் முன் அமைப்புக் கோப்பைத் திறந்து, நான் கேட்டது அதில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே தொடங்குகிறேன்.

புதிய கம்பைலருடன் இரண்டாம் முறை தொகுத்தபோது, சோதனைகளை நேரடியாகச் செருகும் ‘இன்லைன்’ முறையைத் தேர்ந்தேன். படிமம் பெரிதாகும், ஆனால் ஓட்டம் வேகமாக இருக்கும். பிழைத்திருத்தத் தகவலையும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் பிறகு முகவரிகளை மூலநிரலின் வரி எண்களாக மாற்ற முடியாது. பதிப்புப் பெயரின் பின்னால் கேசான் என்று ஒரு ஒட்டு வைத்து, மாட்யூல்களைத் தனி அடைவில் நிறுவினேன். என் டிரைவரையும் இந்தக் கெர்னலுக்காக மறுபடியும் தொகுத்தேன். டிரைவரின் நிரலில் சோதனைகள் செருகப்படாவிட்டால் அது செய்யும் தவறுகளை இந்தக் காவலாளியால் பார்க்க முடியாது.

கெர்னல் சாயும்போது கடைசிச் செய்திகள் எஸ்டி கார்டை எட்டாமல் போகலாம் என்பதால் சீரியல் கேபிளைப் பை 4இன் 8, 10ஆம் பின்களிலும் தரையை 6ஆம் பின்னிலும் இணைத்து, 115200 வேகத்தில் மடிக்கணினியில் பதிவு செய்தேன். தொழிற்சாலையில் மடிக்கணினியை வைக்க டீ மேக்கர் தம் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கேசான் தொடங்கிவிட்டதாகக் கெர்னல் அறிவித்த வரியைக் கண்டபோது பாதி வேலை முடிந்ததாகவே நினைத்தேன்.

முடியவில்லை. இயங்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள், நான் செருகியிருந்த மலிவான வைஃபை டாங்கிளின் டிரைவர் தன் எல்லைக்கு வெளியே சில பைட்டுகளைப் படித்ததாக ஓர் அறிக்கை வந்தது. அதன் பின் நான்கு நாள் எதுவும் வரவில்லை. ஆனால் பெட்டி மட்டும் இருமுறை நின்றது. கேசான் இயல்பாக முதல் பிழையை மட்டுமே அச்சிடும் என்பதை ஆவணத்தில் படித்தும் மறந்திருந்தேன். அந்த ஒரே வாய்ப்பை டாங்கிள் எடுத்துக்கொண்டுவிட்டது. தொடக்கக் கட்டளை வரியில் எல்லாப் பிழைகளையும் அச்சிடச் சொல்லும் ‘கேசான் மல்டி ஷாட்’ என்ற தேர்வைச் சேர்த்து, டாங்கிளையும் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டினேன்.

மறுநாள் மாலை, இலை வந்து பெரிய ஃபேன் சுழலத் தொடங்கிய சில நொடிகளில் அறிக்கை வந்தது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படித்த குற்றம். படித்தது கெர்னலின் டைமர்களை ஓட்டும் செயல்பாடு. அப்போது ஓடிக்கொண்டிருந்தது வேலையற்ற நேரத்துப் பணியான ‘ஸ்வாப்பர்’. இந்த மேல்பகுதியை மட்டும் படித்திருந்தால் கெர்னலின் டைமர் நிரலையே குறை சொல்லியிருப்பேன். கேசானின் அருமை, எந்தச் செயல்பாடு எதை அழைத்தது என்று காட்டி அதற்குக் கீழே இருக்கும் இரண்டு அழைப்பு வரிசைகளில் இருக்கிறது. இந்தத் துண்டை ஒதுக்கியது என் டிரைவரின் இணைப்புச் செயல்பாடு. விடுவித்தது யூஎஸ்பி ஹப் பணிக்கூறு, சாதனம் கழன்றதாக எண்ணி.

உணரிகள் இணைந்திருந்த யூஎஸ்பி ஹப் தனி மின்னேற்றியில், யூபிஎஸ்ஸுக்கு வெளியே இருந்தது. ஃபேனின் மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிய, ஹப் அணைந்து எழுந்தது. அதை உணரி பிடுங்கப்பட்டதாகக் கருதிய கெர்னல் என் டிரைவரின் தரவை விடுவித்தது. ஆனால் உணரியைப் படிக்கப் பத்து விநாடிக்கு ஒரு முறை ஓடும் தாமதப் பணியை (குறித்த நேரத்தில் டைமர் எழுப்பும் வேலையை) நான் ரத்து செய்யவே இல்லை. அதன் டைமர் விடுவிக்கப்பட்ட நினைவகத்துக்குள்ளேயே வரிசையில் நின்றது. சாதாரணக் கெர்னலில் உணரி உடனே மறுபடி இணையும்போது அதே துண்டு அதே டிரைவருக்கே சுழியங்களாகத் துடைத்துத் தரப்படும் வாய்ப்பு அதிகம். அப்போது டைமர் சங்கிலி நடுவில் அறுந்து, அதற்குப் பின்னால் நின்ற யாருடைய டைமரோ ஓடாமலே போகும். துண்டு வேறு யாருக்காவது போனால் அவருடைய தரவு கெடும். கோப்பு முறைமையும் நெட்வொர்க்கும் மாறி மாறிப் பழி சுமந்ததன் காரணம் இதுவே. கேசானின் காத்திருப்பு வரிசை அந்தத் துண்டை யாருக்கும் தராமல் வைத்திருந்ததால்தான் தடயம் அழியாமல் கிடைத்தது.

திருத்தம் ஒரு வரிதான். கழற்றும் செயல்பாட்டில் தாமதப் பணியை முடியும் வரை காத்திருந்து ரத்து செய்யும் அழைப்பைச் சேர்த்தேன். சாதனம் கழன்றால் அதற்கென ஒதுக்கியவற்றைத் தானே விடுவிக்கும் டெவ்எம் என்ற கெர்னல் ஏற்பாட்டில், 5.13 பதிப்பு முதல் இந்த ரத்தையும் தானாகவே செய்யும் உதவிச் செயல்பாடு இருக்கிறது. நினைவகத்தை டெவ்எம் வழியாக ஒதுக்கிய பிறகு பணியையும் அதன் வழியாகவே பதிந்தால், விடுவிப்பு தலைகீழ் வரிசையில் நடப்பதால் பணி முதலில் ரத்தாகும், நினைவகம் பிறகே போகும். பின்னர் நான் எழுதிய டிரைவர்களில் அந்த வழியையே பின்பற்றுகிறேன். உயிருடன் இருக்கும் டைமரை விடுவிப்பதை மட்டும் பிடிக்கும் தனிச் சோதனைத் தேர்வு ஒன்றும் கெர்னலில் இருக்கிறது. அதை முன்பே இயக்கியிருந்தால் இத்தனை சுற்று தேவைப்பட்டிருக்காது.

சரிபார்க்க மழைக்கோ ஃபேனுக்கோ காத்திருக்கவில்லை. யூஎஸ்பி சாதனத்தின் ‘ஆதரைஸ்டு’ கோப்பில் சுழியத்தையும் ஒன்றையும் மாறி மாறி எழுதினால், கம்பியைத் தொடாமலே உணரி கழன்று கழன்று இணையும். பழைய டிரைவருடன் சில சுற்றுகளுக்குள் அறிக்கை வந்தது. புதியதுடன் இருநூறு சுற்று ஓட்டியும் சீரியல் திரை அமைதியாக இருந்தது.

கேசான் கெர்னல் தொழிற்சாலையில் நிரந்தரமாக ஓடத் தகுந்ததல்ல. வேகம் கண்கூடாகக் குறைகிறது. அதனால் அங்கே சாதாரணக் கெர்னலையே திருப்பி வைத்து, கெர்னல் 5.12இல் வந்த கேஃபென்ஸ் என்ற இலகுவான நினைவகக் காவலை மட்டும் இயக்கினேன். அது ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் காவல் காக்காமல், இயல்பாக 100 மில்லிவிநாடிக்கு ஒன்று வீதம் மாதிரி எடுத்து, 255 துண்டுகளுக்கு ஏறத்தாழ 2 எம்பி மட்டும் ஒதுக்கிக்கொள்கிறது. ஒரு பிழையை முதல் நாளே பிடிக்கும் என்று அதை நம்ப முடியாது. ஆனால் மாதக்கணக்கில் ஓடும் பெட்டிக்கு அது பொருந்துகிறது. யூஎஸ்பி ஹப்பின் மின்னேற்றியையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன். அதைச் செருகியபோது டீ மேக்கர், “இப்போ ஃபேனைப் போடலாமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போட்டார்.