ரங்கூன்ல காலைல எந்திரிக்கிற கதை

ஜூன் 9, திங்கள்

பாட்டு போட்டு எழுப்புற அலாரம் ஆப் ஒண்ணு நேத்து இறக்கிட்டேன். போன்ல வர்ற அந்த பீப் பீப்க்கு எந்திரிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, பக்கத்துல படுத்திருக்கிற தம்பி வேற திட்டுறான். நமக்கு பருப்பு கம்பெனில கணக்கு எழுதுற வேலை, பாயின்னாங் மார்க்கெட்ல உளுந்து விலை காலைலயே பேச ஆரம்பிச்சுடுவாங்க, ஆனா சென்னை நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னாடி, அங்க இருக்கிற புரோக்கர் அண்ணன் சாப்பிட்டு கைகழுவிட்டு ராத்திரி ஒம்பதரைக்கு சாவகாசமா போன் போட்டா இங்க பத்தரை. அப்புறம் விலை என்னாகுமோன்னு யோசிச்சுட்டே கிடக்கிறது, தூக்கம் எங்க வரும்.

ஜூன் 11, புதன்

அம்மா சொன்னாங்கன்னு நாதஸ்வரம் வச்சேன், பூபாளம். விடியக்காலைக்கு பூபாளம், தூங்க வைக்க நீலாம்பரின்னு நம்மாளுங்க எப்பவோ பிரிச்சு வச்சுட்டாங்க, அதனால ஆசையாதான் வச்சேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுற மாதிரி ஒரு செட்டிங் இருக்கு, ஆனா நாதஸ்வரத்துக்கு அதெல்லாம் தெரியுமா என்ன! எதிர்வீட்டு பர்மாக்கார அக்கா படியில பாத்து இன்னைக்கு உங்க கோவில்ல என்ன திருவிழான்னு கேட்டாங்க. சிரிச்சுட்டே வந்துட்டேன்.

ஜூன் 14, சனி

இப்ப பழைய மெலடி ஒண்ணு, எனக்கு உயிரு அந்தப் பாட்டு. அதான் பிரச்சனையே. பாட்டு வந்ததும் முழிப்பு வருது, ஆனா முழுசா கேட்டுட்டு எந்திரிக்கலாம்னு கண்ண மூடிட்டு சுகமா படுத்துக்கிறேன், பல்லவி முடியறதுக்குள்ள மறுபடி தூக்கம். இன்னொண்ணு, மத்தியானம் டீக்கடைல அதே பாட்டு ஓடுச்சு, எனக்கு உடனே ஆபீஸ் ஞாபகம் வந்து வயித்தைப் பிசையுது. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டை மட்டும் அலாரத்துக்கு வச்சுடாதீங்கப்பா, பாட்டும் போயிடும் வேலையும் போயிடும்.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் தன்னால முழிப்பு வந்துடுச்சு, அது தனி அலாரம். கரண்ட் போனா வைஃபையும் போயிடும்ல, அப்ப நெட்ல இருந்து ஓடுற பாட்டை நம்ப முடியாது, பாட்டு போனுக்குள்ளயே இருக்கணும். சார்ஜ் தீர்ந்து போன் அணைஞ்சுட்டா எந்த ஆப்பும் எழுப்பாது, அதனால தலைமாட்டுல பவர் பேங்க். பேட்டரி மிச்சம் பண்றேன்னு சில ஆண்ட்ராய்டு போன் இந்த மாதிரி ஆப்பை எல்லாம் ராத்திரியோட ராத்திரியா மூடிடும், செட்டிங்ல போய் இதுக்கு மட்டும் விலக்கு குடுத்துடணும். அலாரம் சத்தம் வேற, பாட்டு கேக்குற சத்தம் வேற, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். நம்ம ஊர்ல இதெல்லாம் சரி பண்ணாம பாட்டு தேடி என்ன புண்ணியம்.

ஜூன் 22, ஞாயிறு

முழிச்ச பிறகும் கொஞ்ச நேரம் மூளை மந்தமா கிடக்குமே, அதுக்கு ஸ்லீப் இனெர்ஷியான்னு பேராம். அதைப் பத்தி மெல்போர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரங்க 2020ல பிளாஸ் ஒன்ங்கிற ஆராய்ச்சி இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருக்காங்க, முணுமுணுக்கிற மாதிரி மெட்டுள்ள சத்தத்துக்கு எந்திரிக்கிறவங்களுக்கு அந்த மந்தம் கம்மியாம். 50 பேருகிட்ட கேட்டு எழுதினது, அவங்கவங்க சொன்னதுதான், யாரையும் லேப்ல படுக்க வச்சு அளக்கல. அதனால நான் இதை வேதவாக்கா எடுத்துக்கல. ஆனா வார்த்தையே இல்லாத ஒரு புல்லாங்குழல் மெட்டு மாத்தி வச்சேன், பிடிக்கவும் இல்ல வெறுக்கவும் இல்ல, எனக்கு அதுதான் சரியா இருக்கு. போனைத் தள்ளி அலமாரி மேல வச்சா இன்னும் நல்லது, நடந்து போய்த்தான் அமுக்கணும்.

இந்த மாசம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் வந்துடணும், எங்க வருது, மழை மேகம் மூடிக்குது. விளக்கு போட்டாத்தான் உடம்புக்கு விடிஞ்சதே தெரியுது. கரண்ட் இருந்தா.

ஜூன் 26, வியாழன்

ஆப்ல தூக்கத்தை அளந்து படம் போட்டுக் காட்டுது. நேத்து ராத்திரி நான் புரண்டுகிட்டே இருந்தேனாம். மைக் வழியா கேட்டு சொல்ற கணக்கு அது, தகரக் கூரை மேல மழை, கீழ் வீட்டு ஜெனரேட்டர், தம்பி குறட்டை, எல்லாம் என் கணக்குல ஏறிடுச்சு. அதை ஆஃப் பண்ணிட்டேன். தூங்கறதுக்கு மழைச் சத்தம் வேணுமான்னு வேற கேக்குது, ஜூன் மாசம் ரங்கூன்ல!

உண்மையைச் சொன்னா பாட்டைவிட பெரிய உபகாரம் புரோக்கர் அண்ணன் பண்ணினதுதான். அண்ணே, உங்க நேரம் ஏழரைக்குள்ள பேசிடுங்கன்னு கேட்டேன். உளுந்துன்னா சரி தம்பி, துவரைக்கு மட்டும் லேட் ஆகும்னாரு. துவரைக்கு வாட்ஸ்அப்ல எழுதிடச் சொல்லிட்டேன், காலைல பாத்துக்கலாம்.