பழைய முட்டையும் கிறிஸ்துமஸ் கேக்கும்
பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்லயே கேக் போடுற அக்காங்களுக்கு ஒரு விஷயம். வீட்ல கிடக்கிற முட்டை பழசாயிடுச்சான்னு தெரிஞ்சுக்க, அதை ஒரு சொம்புத் தண்ணியில போட்டுப் பாருங்க. ஓட்டோட நுண்துளை வழியா ஈரம் வெளியேற வெளியேற உள்ளே காத்துப்பை பெருசாகும். அதான் பழசு நிமிர்ந்து நிக்குது. நின்னா கேக்குக்குத் தாராளமா ஆகும். மிதந்தா, தனிக் கிண்ணத்துல உடைச்சு மோந்து பாருங்க. வாடை வந்தா யோசிக்காம கொட்டிடுங்க. நேரா மாவுல மட்டும் உடைக்காதீங்க, வெண்ணெய் விக்கிற விலைக்கு!

முட்டையே இல்லையா? ஒண்ணுக்குக் கால் கப் கெட்டித் தயிர். ரவா கேக்குக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணியில 10 நிமிஷம் ஊறவிட்டா வழவழன்னு வரும், அதுவும் ஆகும். ஸ்பான்ஜ் கேக்குக்கு மட்டும் ரெண்டுமே வேணாம். அது எழும்புறதே முட்டை நுரையிலதான்.